மாத்திரை மேல் ஏற்றிய பயம்

அம்சவள்ளி பயந்தவள் என்று சொன்னால் மீன்சுருட்டிப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். முந்திரிக் கொட்டகையில் பருப்புத் தோல் உரிக்கிற நாற்பது பெண்களில் மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் அவன் வாய் தவறி ஏதோ சொல்லிவிட, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அவள் 'அம்சவள்ளியக்கா'.

அப்பேர்ப்பட்டவள்தான் போன புரட்டாசியிலிருந்து புருசன் தூங்கும்போது மூக்குக்கு நேரே புறங்கையைக் காட்டி மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவர் கட்டிலில் கண்ணயர்ந்தால்கூடப் பார்ப்பாள். வந்தால் சரி. வரத் தாமதமானால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

புருசன் வீரமணி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டியவர். நாற்பத்தெட்டு வயது. கல்யாணமான இருபத்திரண்டு வருசத்தில் குடிக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடிக்கிற ஆளில்லை, திட்டுகிற ஆளுமில்லை. குடித்துவிட்டு வந்து பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அடித்தால்கூடத் திருப்பி அடிக்கலாம், சுவரைப் பார்த்துப் படுக்கிறவனை என்ன செய்வது? கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தாள், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் பூவிழி போனில் அழுதபோது மட்டும் இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அந்தப் புரட்டாசியில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கிளீனர் புத்திசாலி, ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டான். தஞ்சாவூரில் அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று டாக்டர் இரண்டு பேச்சு சொன்னார். "இந்த மாத்திரைங்கள ஒரு நாள்கூட விடக்கூடாது" என்பது ஒன்று. "குடி, பீடி ரெண்டையும் இன்னியோட தலைமுழுகிடணும்" என்பது இன்னொன்று.

டாக்டர் தனித்தனியாகச் சொன்ன இரண்டையும் அம்சவள்ளி ஒரே முடிச்சாகப் போட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டும்போது அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. மறுநாள் காலை இட்லி சாப்பிட்டதும் மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் செம்பை நீட்டி, விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"மாத்திர உள்ள போயிருச்சு. இனி மேல சாராயம் எறங்குச்சுன்னு வைங்க, ரெண்டும் சேந்து வெசமாயிரும். ரத்தம் கக்கியே செத்துருவீங்க. டாக்டரு தனியா கூப்புட்டு எங்கிட்ட சொன்னாரு."

வீரமணியின் முகம் வெளிறிப்போனது. இருபத்திரண்டு வருசத்தில் தன் பேச்சுக்கு அந்த முகம் வெளிறி அவள் பார்த்ததே இல்லை. அடடா, இவ்வளவு எளிதா என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோசம் பொங்கியது. பொய்தான். ஆனால் யார் குடியைக் கெடுக்கிற பொய்? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்றால், கட்டினவன் உயிரைக் காக்க ஒரு பொய் சொல்லக்கூடாதா?

அன்று அவர் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. ஒரு மாதம் ஓடியது. அம்சவள்ளிக்குத் துணிச்சல் கூடிப்போனது. தனக்குப் பிடிக்காததையெல்லாம் மாத்திரை மேல் ஏற்ற ஆரம்பித்தாள். கருவாடு கேட்டால் மாத்திரைக்கு ஆகாது. கடைத்தெரு பஜ்ஜி ஆகாது. அவருடைய தங்கச்சி வீட்டு விருந்துகூட மாத்திரைக்கு ஆகாமல் போனது. பாவம், அந்த மாத்திரைக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

தினமும் சொன்னாள். சொல்லச் சொல்ல, டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. மூன்றாம் மாதம் வாக்கில் அவளே நம்பிவிட்டாள்.

கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரிக்கிற வெற்றிச்செல்வி ஒருநாள் கேட்டாள்: "எப்புடிக்கா மாமா நிறுத்துனாரு? எங்கூட்டுக்காரரும் பிரசர் மாத்திர போடறாரு, குடியும் குடிக்கறாரு."

அம்சவள்ளி மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருத்தி வாயிலிருந்து ஒருத்தி வாய்க்குப் போய், பொங்கலுக்குள் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் புருசன்மாருக்கு மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளிக்கு அதில் ஒரு பெருமை. இல்லையென்று சொன்னால் அது அடுத்த பொய்.

டிப்பர் வேண்டாம் என்று ஆகி, வீரமணி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை ஓட்டத் தொடங்கியிருந்தார். பங்குனியில் முந்திரி சீசன் வந்ததும் ஓய்வில்லை. தோப்புக்கும் ஜெயங்கொண்டத்துக்குமாக மூட்டை ஏற்றி நாலு நடை, அஞ்சு நடை. கண் சொருகாமலிருக்க ஏதோ தகர டின்னில் வருகிற எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன் என்றார். "அது ஒண்ணும் சரக்கில்ல, கூல்டிரிங்ஸ்தான். சின்னப் பசங்களே குடிக்கறானுவ." அவளும் விட்டுவிட்டாள். சாராயம் இல்லை என்றால் என்ன குடித்தால் என்ன?

வைகாசி பத்தோ பதினொன்றோ. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கொட்டகையில் அன்று கரண்டு இல்லை, அம்சவள்ளி வீட்டிலிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டது. நின்றது. ஆனால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வீரமணி வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்தது போல் உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அம்சு... நெஞ்சு..."

ஓடிப்போய்த் தாங்கினாள். தாங்கிய மறுகணமே அந்த வாடை மூக்கில் ஏறியது. இருபத்திரண்டு வருசமாகத் தெரிந்த வாடை. எட்டு மாதமாக இல்லாத வாடை. காலையில் ஏழரைக்குத் தன் கையாலேயே மாத்திரை கொடுத்திருந்தாள். மாத்திரை உள்ளே இருக்கிறது, மேலே சாராயமும் இறங்கிவிட்டது.

ரத்தம் கக்கப்போகிறார். அவள் முதலில் அவர் வாயைத்தான் பார்த்தாள்.

எப்படியோ இழுத்துவந்து கூடத்தில் படுக்க வைத்தாள். அவர் வலியில் குடித்ததையே மறந்தவர் போல, வலது கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் இடது கையால் அலமாரியைக் காட்டினார். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லித் தஞ்சாவூரில் கொடுத்த சின்ன மாத்திரை அதில் இருந்தது. எடுத்துவிட்டாள். அட்டையைப் பிரித்து உள்ளங்கையில் தட்டியும்விட்டாள். அதற்கப்புறம் கை போகவில்லை.

அவர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு வாய் திறக்கிற மாதிரி. அந்த வாயிலிருந்து சாராய நெடி வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே காலை மாத்திரையோடு சேர்ந்து விசமாகிக் கிடக்கிறது, இதையும் போட்டால் இந்த நிமிசமே முடிந்துவிடுமே. போடாவிட்டால்? போடாவிட்டாலும் போய்விடுவாரே. மாத்திரை அவள் கை வியர்வையில் கரைய ஆரம்பித்தது. அம்சவள்ளி அதைக் கீழே போட்டுவிட்டு, 108-க்கு அடித்தாள்.

வண்டி வர இருபது நிமிசம் ஆயிற்று. அந்த இருபது நிமிசமும் அவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்க, வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றாள். ஏன் மாத்திரை தரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

ஆம்புலன்ஸில் வந்த பெண் சின்ன வயசு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், பெட்டியில் ஓடிய கோட்டைப் பார்த்தாள், போனில் யாரோ டாக்டரிடம் நம்பர் நம்பராகச் சொன்னாள். பிறகு ஏழெட்டு மாத்திரையை எடுத்து, "அய்யா, இதக் கடிச்சு மென்னு முழுங்குங்க" என்று வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம்!" அம்சவள்ளி போட்ட கூச்சலில் வாசலில் கூடியிருந்த சனம் திடுக்கிட்டது. பாய்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டாள். "மாத்திர குடுக்காதம்மா! குடிச்சிருக்காரு! குடுத்தா செத்துருவாரு!"

"குடிச்சிருந்தாலும் இதக் குடுத்தாகணும்மா. கைய விடுங்க."

"ரெண்டும் சேந்தா வெசம்மா!"

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"டாக்டரு..." என்று வாயெடுத்தாள் அம்சவள்ளி. கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி வந்த பஸ் அவள் நினைவுக்கு வந்தது. எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொன்னது அவள்தான். கை தானாக விட்டது. வீரமணி மாத்திரைகளைக் கடித்தார். மெல்லும்போது அவர் கண் அம்சவள்ளி மேலேயே இருந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயம், வலியால் வந்ததில்லை. விசத்தை மெல்லுகிறோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அரியலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடைப்பைக் கரைத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளியிடம் டூட்டி டாக்டரம்மா வந்து கேட்டார்: "எத்தனை நாளா மாத்திரை போடல?"

"தெனமும் போடறாருங்க. நாந்தான் கையில குடுக்கறேன்."

"வச்ச ஸ்டென்ட்லயே ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கும்மா. ஒழுங்கா மாத்திரை போட்டா இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். யோசிச்சுச் சொல்லுங்க."

என் கண்ணால் பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில்தான் உள்ளே விட்டார்கள். வீரமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் பக்கத்தில் நின்றதும் திரும்பாமலே பேசினார்.

"வண்டில, டேஷ்போர்டுக்குள்ள ஒரு கற்பூர டப்பா இருக்கு. எடுத்து டாக்டருகிட்ட குடுத்துரு."

"என்ன இருக்கு அதுல?"

"மாத்திர."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாசிவரை சுத்தமாகத்தான் இருந்தாராம். சீசன் வந்து மூட்டை தூக்கி உடம்பு வலித்தபோது கூட இருந்தவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று காலை மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்து துப்பி, துடைத்து, டப்பாவில் போட்டிருக்கிறார். முதலில் வாரத்துக்கு ஒரு நாள். அப்புறம் மூன்று நாள். வைகாசி பிறந்ததிலிருந்து தினமும். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கண் சொருகும் என்று, பிராந்தியில் அந்த டின் தண்ணியையே கலந்து குடித்தாராம். அதைக் குடித்தால் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி அடிக்குமாம். தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாராம். வீட்டுக்கு வருமுன் கொய்யா இலையை மென்று வாடையைப் போக்கிக்கொள்வாராம்.

"ஏங்க இப்புடிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

இப்போதுதான் அவர் திரும்பினார். அவர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. ஒரு ஒழுங்கைச் சரியாகக் கடைப்பிடித்தவனின் முகம்.

"நீதான சொன்ன, ரெண்டும் சேரக்கூடாதுன்னு. நான் ஒருநாளும் சேத்ததில்ல அம்சு. குடிக்கிற அன்னிக்கு மாத்திரயத் தொட்டதே இல்ல."

அம்சவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குடியை நிறுத்த அவள் மாத்திரைக்கு விசம் ஏற்றினாள். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வாய் திறந்து கிடந்த அந்த இருபது நிமிசமும், அவர் வயிற்றில் அவள் பயந்த காலை மாத்திரையே இருந்திருக்கவில்லை. இத்தனை வருசம் சாராயம் செய்ய முடியாததை, தன் வாய் எட்டே மாதத்தில் செய்து முடிக்க இருந்தது.

டாக்டரம்மாவிடம் அவளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. "இப்படி நெறயப் பேரு பண்றாங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார்.

"குடிக்கக் கூடாது, அது நிசம். இந்த மாத்திரையோட குடிச்சா பி.பி. எறங்கித் தலை சுத்தும், வயித்துல புண்ணு வந்து ரத்தம் கசியும். அந்த டின் சமாச்சாரம் நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறா ஆக்கும். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் குடிச்சவருக்கு பி.பி.யை ஒரேயடியா எறக்கிடலாம், அது எங்ககிட்ட கேட்டுத்தான். ஆனா தெனம் போடற மாத்திரையை நிறுத்தினா, வச்ச ஸ்டென்ட்டே அடைச்சுக்கும். இவருக்கு நடந்தது அதான். குடிச்சது ஒரு தப்பு. குடிச்சேன்னு மாத்திரையை விட்டது அதைவிடப் பெரிய தப்பு."

"அப்ப, குடிச்சிட்டு வந்தாலும்..."

"குடிச்சிட்டு வந்தாலும் மாத்திரையை விடக்கூடாது. குடிச்சதை எங்ககிட்ட மறைக்கவும் கூடாது."

வராந்தாவுக்கு வந்தவுடன் அவளுக்கு இன்னொரு பயம் மண்டையில் அடித்தது. கொட்டகை. போனை எடுத்து வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமா எப்புடி இருக்காரு?"

"அத விடு. ஒங்கூட்டுக்காரரு மாத்திர போடறாரா?"

"தெனம் நாந்தான்க்கா குடுக்கறேன். கண்ணால பாக்கறேனே."

"வாய்க்குள்ள பாத்தியா?"

பதிலுக்குக் காத்திராமல் அம்சவள்ளி கொட்டித் தீர்த்தாள்.

"செல்வி, நான் சொன்னது பொய்யிடி. எந்த டாக்டரும் சொல்லல. நானாக் கட்டிவுட்டது. ஓடு, போய் அந்தாளு வாயத் தொறந்து பாரு. மத்தவளுவளுக்கும் சொல்லு. எம் பேரச் சொல்லியே சொல்லு, காறித் துப்பட்டும், பரவால்ல."

அத்தனை பேருக்கும் செய்தி போனது. இரண்டு வீடுகளில் தலையணைக்குள்ளும் கூரை எறவாணத்திலும் மாத்திரை கிடைத்ததாம். ஒருத்தி அம்சவள்ளியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்சவள்ளி அதற்கு வருத்தப்படவில்லை. அவள் புருசன் உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்றாள்.

வீரமணி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் குடிக்கவில்லை. வண்டியும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே குடியை மறக்க வைக்கிற டாக்டரிடமும் ஒருமுறை போய்வந்தார்கள். அம்சவள்ளி மாத்திரை கொடுக்கும்போது இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஆனி கடைசியில் அவருடைய பெரியப்பா மகன் வீட்டுக் கருமாதி. பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறேன் என்று போனவர், பொழுது சாய்ந்து வந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவில்லை. அவள் சோற்றுத் தட்டோடு வந்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். திருப்பினாலும் வாடை வந்துவிட்டது.

அம்சவள்ளிக்குத் தட்டைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டவேண்டும் போலிருந்தது. இருபத்திரண்டு வருசத்துக் கோபமும் தொண்டைவரை வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். "மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க" என்றாள். அவர் தலைகுனிந்தபடி சாப்பிட்டார். உள்ளே போய், இந்த முறை ராத்திரிக்கென்று புதிதாகக் கொடுத்திருந்த மாத்திரைகளை எடுத்துவந்து நீட்டினாள்.

வீரமணி பின்னால் நகர்ந்தார். மாத்திரையைப் பார்த்த கண்ணில் அதே பழைய பயம். டாக்டரம்மா அத்தனை முறை சொல்லியும் அது போகவில்லை. எட்டு மாதம் தினமும் ஊட்டி வளர்த்த பயமாயிற்றே.

"இன்னிக்கு வேணாம் அம்சு. நான் வந்து... ஒரே ஒரு..."

"தெரியுது. அதுக்குச் சண்ட நாளைக்கு வச்சுக்கலாம். வாயத் தொறங்க."

"குடிச்சிருக்கேன்டி. செத்துருவேன்."

"மாட்டீங்க. நான் சொன்னது பொய்யி."

அவர் அவளையே பார்த்தார். முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிய வைக்க அவளிடமும் ஒரு வழியும் இல்லை. அவள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கடைசியில் வாயைத் திறந்தார். அவள் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார். ஒன்றுமில்லை.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அப்ப, இனிமே குடிச்சா ஒண்ணும் ஆவாதா?"

எட்டு மாதமும் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"ஆவும்ங்க. எப்ப ஆவும்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. பயமா இருக்குங்க எனக்கு."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வீரமணி கேட்டதே இல்லை. வயிற்றிலிருந்த கையை எடுத்து அவள் கை மேல் வைத்தார். அவள் கை சில்லென்று இருந்தது.